சாய்ந்து காட்டுகிறவர்

எங்கள் கடையில் யார் யாருக்கு என்ன வேலை என்று கேட்டால் அண்ணன் ஒரே மூச்சில் சொல்லிவிடுவான். "நான் பேசுவேன். தம்பி அளவெடுத்து வரைவான். வெல்டர் பத்தவைப்பாரு. சித்தப்பா சாய்வாரு."

கேட்டவர் கடைசி ஆளிடம் வந்து தடுக்கி நிற்பார்.

"சாய்வாருன்னா?"

"சாய்வாருன்னா, சாய்வாரு. அதான் அவரு வேலை."

மாடிப்படிக்கும் பால்கனிக்கும் கண்ணாடிக் கைப்பிடி போட்டுக்கொடுப்பது எங்கள் தொழில். வீடுகள், கடைகள், சின்ன அலுவலகங்கள். இரும்புக் கம்பி இருக்கவேண்டிய இடத்தில், இடுப்புக்குச் சற்று மேலே வரும் உயரத்துக்குக் கண்ணாடிப் பலகைகளை வரிசையாக நிறுத்துவோம். தரையோடு தரையாக ஓடும் அலுமினியச் சேனல் அவற்றின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். மற்றபடி பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியக்கூடாது. அதுதான் அழகு. தொல்லையும் அதுதான். ஆசைப்பட்டுக் கேட்டு வாங்குவார்கள். போட்டு முடித்ததும் அதிலிருந்து ஓரடி தள்ளி, எதிர்ச் சுவரைத் தடவிக்கொண்டே படியேறுவார்கள்.

சித்தப்பாவுக்கு வேலை இருப்பது இந்த ஓரடியில்தான்.

அப்பாவின் தம்பி. பார்சல் அலுவலகத்தில் எடை போடும் மேசையிலேயே இருந்து ஓய்வுபெற்றவர். ஊரார் மூட்டைகளை நிறுத்து நிறுத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் அவர் உடம்பிலேயே தங்கிவிட்டது என்று சித்தி சொல்வாள். அவர் ஓர் அறைக்குள் வரும்போது முதலில் வயிறு வந்து அறையைச் சுற்றிப் பார்க்கும். சரிதான் என்று அதற்குப் பட்டால் பின்னாலேயே அவரும் வருவார். எங்கள் வெல்டர் அவருக்கு 'எடைக்கல்' என்று பெயர் வைத்திருந்தார். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார். ஆனால் அந்த முதுகுக்குப் பின்னால் போய் நிற்பதற்கே கொஞ்ச தூரம் நடக்கவேண்டும் என்பதால் சித்தப்பாவுக்குக் கேட்டதில்லை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். ஒரு பல் டாக்டர் வீட்டில் பால்கனி வேலை முடிந்திருந்தது. ஊர் முழுவதையும் வாயைத் திறக்கவைத்துப் பயமுறுத்துகிற மனிதர், தன் பால்கனிக் கதவைத் தாண்டி வரமாட்டேன் என்று நின்றார்.

"உடையாதுங்கறீங்க. உடைஞ்சா?"

"உடையாது டாக்டர். நெருப்புல வச்சு முறுக்கேத்தின கண்ணாடி. அதுலயும் ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிலிம் வச்சு ஒட்டியிருக்கு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும்."

"ஒண்ணு போகும்னு நீங்களே சொல்றீங்க பாருங்க."

அண்ணன் பேச்சில் தோற்று நான் பார்த்தது அன்றுதான். அவன் வேலையில் குறையே கிடையாது. கண்ணாடியின் மேல் விளிம்பில் பட்டை கட்டி, இழுவைத் தராசு மாட்டி, வெல்டரும் அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரரைக் கூப்பிடுவான். ஆனால் தராசு சொல்வதை இன்ஜினியர்கள் நம்புவார்கள். வீட்டுக்காரர்கள் நம்பமாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து எங்களுக்குச் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது. கூடையை டாக்டர் கையில் கொடுத்தார். நேராகப் பால்கனிக்குப் போனார். கண்ணாடியின் மேல் முதுகை முழுசாகச் சாய்த்து, கண்ணை மூடி, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

சித்தப்பா கண்ணைத் திறந்தார். "தண்ணி கிடைக்குமா?" என்றார். பிறகு வெளியே எட்டிப் பார்த்து, "காத்து நல்லா வருதே இங்க. எந்தப் பக்கம் கிழக்கு?"

டாக்டர் தாமே தண்ணீர் கொண்டுவந்து, தாமே பால்கனிக்குள் வந்து, கையை நீட்டிக் கிழக்கைக் காட்டினார். காட்டும்போது அவருடைய முழங்கை கண்ணாடி மேல் இருந்தது. அவருக்கே அது தெரியாது.

அன்றிலிருந்து எந்த வேலை முடிந்தாலும் சித்தப்பாவைக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது.

கண்ணாடி தேர்ந்தெடுப்பது அண்ணன் பாடு. அதில் அவன் கெட்டிக்காரன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கால் வைத்து ஏற இடமில்லாதபடி பார்த்துக்கொள்வான். முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால், வேண்டாம் வேண்டாம் என்றாலும், மேலே பிடித்து ஏற ஒரு மரக் கைப்பிடி போட்டுவிடுவான். தெருவில் போகிறவர்கள் பார்க்கக்கூடாது என்கிறவர்களுக்குப் பனி பிடித்தமாதிரி மங்கலான கண்ணாடி. அதிலும் மங்கல் பக்கத்தை வெளியே பார்க்கத் திருப்பி நிறுத்துவான். உள்ளே திருப்பினால் தொட்ட விரலெல்லாம் அப்படியே பதிந்துவிடும். துடைக்கிற வீடா துடைக்காத வீடா என்பதைச் சமையலறை ஜன்னலை ஒரு பார்வை பார்த்தே சொல்லிவிடுவான். துடைக்காத வீட்டுக்குத் தெளிந்த கண்ணாடியைப் பற்றி வாயே திறக்கமாட்டான்.

ஆனால் இவ்வளவும் செய்து முடித்தபிறகு, கண்ணாடியை வீட்டுக்காரர்களின் மனதில் கொண்டுபோய் மாட்டுகிறவர் சித்தப்பா. அதற்கு அவருக்கென்று ஒரு முறை உண்டு. பெல்ட் கிடையாது, சாவிக்கொத்து கிடையாது, சட்டைப்பையில் பேனா கூடக் கிடையாது. "கண்ணாடிக்கிட்ட போறப்ப இரும்பு கூடாதுடா. அதுவும் விளிம்புகிட்ட ஆகவே ஆகாது" என்று எனக்கே பாடம் எடுப்பார். கையில் அன்றைய செய்தித்தாள் இருக்கும். சாய்வார். ஒரு பக்கம் படிப்பார். பிறகு வீட்டுக்காரர்களிடம் ஏதாவது கேட்பார். தண்ணீர் வண்டி எப்போது வரும், அந்த மரம் என்ன மரம், பக்கத்து வீட்டில் யார். கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே அவர்கள் ஒவ்வொருவராகக் கிட்டே வருவார்கள். கடைசியில் கிளம்பும்போது கண்ணாடியில் அவருடைய முதுகு ஒரு பெரிய தீவு மாதிரி பதிந்திருக்கும். அதைத் தாமே துண்டால் துடைத்துவிட்டு இறங்குவார்.

வேலை முடிந்த வீட்டுக்காரர்கள் அடுத்தவர்களிடம் எங்கள் கடையைப் பற்றிச் சொல்லும்போது கண்ணாடியின் கனத்தைச் சொல்லமாட்டார்கள். "ஒரு மனுஷன் வந்தாரு பாருங்க. அப்பா! அவரே சாஞ்சிட்டாரு" என்பார்கள்.

இதற்கெல்லாம் முடிவு கட்டியவர் ஒரு டாக்டர். பல் டாக்டர் இல்லை, வேறு டாக்டர். சர்க்கரை கூடியிருக்கிறது, உடம்பைப் பாதியாக்குங்கள் என்றார். டாக்டர் பேச்சுக்குச் சொன்னதைச் சித்தி கணக்காக எடுத்துக்கொண்டாள். தட்டில் பாதி போயிற்று. காலையில் பூங்காவை வலம்வர வைத்தாள். எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று குளியலறை வாசலில் வந்து உட்கார்ந்தது.

"எத்தனை வருஷம் ஊரை ஏத்தி இறக்கினீங்க. இப்ப நீங்க ஏறுங்க" என்றாள்.

எடை இயந்திரத்தின் நெளிவுசுளிவெல்லாம் தெரிந்தவர் சித்தப்பா. ஏறி நின்றதும் ஒரு விரலைக் கதவு நிலையில் லேசாக ஊன்றிக்கொள்வார். முள் கொஞ்சம் இறங்கும். சித்தி அந்த விரலைத் தட்டிவிடுவாள். முள் ஏறும். ஆனால் சில மாதங்களில் விரல் இல்லாமலேயே முள் இறங்கத் தொடங்கியது. சட்டை தோளிலிருந்து வழிந்தது. கன்னத்தில் எலும்பு இருப்பது எங்களுக்கு முதல்முறையாகத் தெரிந்தது. வயிறு அவருக்கு முன்னால் வருவதை நிறுத்தி, அவரோடு சேர்ந்து நடக்கப் பழகிக்கொண்டது.

டாக்டருக்குச் சந்தோஷம். சித்திக்குப் பெருமை. சித்தப்பாவுக்கு மட்டும் முகம் செத்துவிட்டது.

காரணம் எனக்கு ஒரு வீட்டில் புரிந்தது. ஒரு வக்கீல் வீட்டுப் படிக்கட்டு. சித்தப்பா வழக்கம்போலச் செய்தித்தாளோடு போய்ச் சாய்ந்தார். வக்கீலின் மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்டாள்: "அந்தப் பெரிய உடம்புக்காரரு வரலையா?"

"இவருதான்மா அவரு."

"இவரா? இவரு சாஞ்சா ஜன்னல் திரைகூடத் தாங்குமே."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். வண்டியில் திரும்பி வரும்போது செய்தித்தாளை விரித்துவைத்திருந்தார், பக்கத்தைத் திருப்பவில்லை.

எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. டீக்கடைக்காரருக்கு அப்போது உடம்பு நன்றாக ஊதிக்கொண்டிருந்தது. ஒருநாள் அண்ணன் சும்மா அவரைப் பார்த்து, "என்ன அண்ணே, எங்ககூட ஒரு நாள் சைட்டுக்கு வர்றீங்களா?" என்று கேட்டுவைத்தான். விளையாட்டுக்குத்தான். சித்தப்பா டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மறுநாளிலிருந்து அந்த டீ ஆறிப்போயிருக்கிறது, சர்க்கரை போடாமலேயே இனிக்கிறது என்று சொல்லி அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

"உங்கண்ணன் ஆள் மாத்தப்போறானாடா?" என்று என்னைக் கேட்டார்.

"சேச்சே. என்ன சித்தப்பா நீங்க."

"மாத்தினா தப்பில்லடா. தொழில்னு இருந்தா அப்படித்தான். ஆனா முன்னாடியே சொல்லிடச் சொல்லு. சட்டையெல்லாம் போட்டுக் கிளம்பி நின்னுட்டு, வண்டி வரலன்னா நல்லா இருக்காது."

நான் அளவு நோட்டை எடுத்துப் புரட்டினேன். பேச்சு அண்ணன் பாடு என்று முதலிலேயே சொன்னேன்.

அதன்பின் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சில விஷயங்கள் நடந்தன. அப்போது அப்படித்தான் தோன்றியது. சேனலைத் தரையோடு முடுக்குகிற ஆங்கர் போல்ட்டுகள் பெட்டியில் குறைந்துகொண்டே வந்தன. அண்ணன் வெல்டரைப் பிடித்துக்கொண்டான். "போல்ட்டைத் தின்கிறீங்களா?" வெல்டர் தன் தாயின் மேல் ஆணையிட்டார். இன்னொரு பக்கம், சித்தப்பாவின் நடை மாறியது. மெதுவாக, காலை அகட்டி, ஊர்வலத்தில் நடப்பவர் மாதிரி நடந்தார். மூன்றாவது, சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினாள்.

"உங்க சித்தப்பா திருட்டுத்தனமா எதையோ பொரிச்சது வறுத்தது வாங்கித் தின்கிறாரு. பேன்ட் பாக்கெட்டெல்லாம் எண்ணெய்க் கறை. போட்டுப் போட்டுப் பாக்கெட்டே கிழிஞ்சிருக்கு. கேட்டா, 'ஒண்ணே ஒண்ணுதான் தின்னேன்'ங்கறாரு."

"தைச்சுக் கொடுத்தீங்களா?" என்றான் அண்ணன்.

"ரெட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். மானம் போகக்கூடாதுல்ல. ஆனா தட்டுல இருந்த பாதியிலயும் பாதியைக் குறைச்சுட்டேன்."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். சித்தப்பா அந்தக் கால்தட்டைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் மெலிந்தார்.

அப்போதுதான் மெத்தைக்கடை வேலை வந்தது. இரண்டு தளக் கடை. மேல்தளத்தின் நடுவில் தரையைத் திறந்துவிட்டு, கீழே நிற்பவர்கள் மேலே அடுக்கியிருக்கும் கட்டில்களைப் பார்க்கும்படி கட்டியிருந்தார்கள். அந்தத் திறப்பைச் சுற்றிலும் கண்ணாடி. இதுவரை நாங்கள் எடுத்ததிலேயே பெரிய வேலை. கடைக்காரம்மா எங்களைத் தேடி வந்ததே சித்தப்பாவின் புகழைக் கேட்டுத்தான்.

"கண்ணாடி எப்படி வேணா இருக்கட்டும். அந்த ஐயா வந்து சாயணும். அப்பத்தான் நான் மேல வருவேன். என் கடையிலயும் ஒருத்தர் இருக்காரு, மெத்தையில படுத்துக் காட்டறதுக்கு. அவரு கண்ணை மூடினாத்தான் வியாபாரம். அதனால எனக்குத் தெரியும்."

வேலை முடிந்தது. தராசு மாட்டி இழுத்துப் பார்த்தாயிற்று. சாய்கிற நாள் வந்தது. கடைக்காரம்மாவும் அவருடைய ஆட்களும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். படுத்துக் காட்டுகிறவரும் இருந்தார். கொட்டாவியை அடக்கிக்கொண்டு, ஒரு கலைஞர் இன்னொரு கலைஞரைப் பார்க்கிற பார்வை பார்த்தார்.

சித்தப்பா படியேறினார். ஒவ்வொரு படிக்கும் நின்று ஏறினார். முகம் வியர்த்திருந்தது.

"நடையே என்ன கம்பீரமா இருக்கு" என்றார் கடைக்காரம்மா.

மெல்லிசாக ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. யாரோ கரண்டிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோவது போல.

படி முடிகிற இடத்தில் முதல் பலகை. அதன் ஒரு பக்க விளிம்பு எதனோடும் சேராமல் திறந்து நிற்கும். சித்தப்பா அந்தப் பலகையில் முதுகைச் சாய்த்தார். செய்தித்தாளை விரித்தார். கீழே பார்த்து, "அம்மா, முதுகு வலிக்கு எந்த மெத்தை நல்லது?" என்று கேட்டார். பதில் சரியாகக் கேட்கவில்லை. காதை அந்தப் பக்கம் திருப்பினார். உடம்பும் திரும்பியது. பேன்ட் பை அந்தத் திறந்த விளிம்பில் போய் இடித்தது.

வெடி போட்டது போல ஒரு சத்தம்.

அவர் சாய்ந்திருந்த பலகை முழுவதும் ஒரு நொடியில் வெளுத்துப்போனது. ஓரத்திலிருந்து ஓரம்வரை சின்னச் சின்ன வெடிப்பு, ஆயிரம் சிலந்திகள் ஒரே நேரத்தில் நெய்து முடித்ததுபோல. வெல்டர் படியில் மூன்று மூன்றாகத் தாவி இறங்கினார். கடைக்காரம்மா தலையணைக் குவியலுக்குப் பின்னால் போய்விட்டார். படுத்துக் காட்டுகிறவர் தரையில் படுத்துவிட்டார், பழக்கம்.

மேலே சித்தப்பா மட்டும் அப்படியே சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கையில் செய்தித்தாள். பின்னால் வெளுத்த கண்ணாடி. ஒரு துண்டுகூடக் கீழே விழவில்லை.

"ஐயா! நகருங்கய்யா!" என்று தலையணைகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நகரலாம்மா" என்றார் சித்தப்பா. "கால் வரமாட்டேங்குது."

அண்ணன் போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்து, குழந்தையை நடக்கவைப்பதுபோல முன்னால் இழுத்தான். ஓர் எட்டு வைத்தார். சித்தியின் இரட்டைத் தையல் அதற்குமேல் தாங்கவில்லை. பை கிழிந்து போல்ட் ஒன்று விழுந்தது. படியில் உருண்டது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு படியிலும் கணீர் கணீரென்று தன் வருகையைச் சொல்லிவிட்டுக் கீழே வந்து சேர்ந்தது. எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பை தீர்ந்தது என்று நினைத்தபோது அடுத்த பை ஆரம்பித்தது.

"அண்ணே!" என்று கீழேயிருந்து வெல்டர் கத்தினார். "என் போல்ட்டு! நான் தின்னேன்னீங்களே, பாருங்க!"

அண்ணன் சித்தப்பாவை ஒரு கட்டிலில் உட்காரவைத்தான். மெத்தையின் பிளாஸ்டிக் உறை கிரீச்சிட்டது. இப்போது திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அண்ணன் குரல் எழும்பவில்லை.

"கண்ணாடிக்கிட்ட இரும்பு ஆகாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவரு நீங்க."

"தெரியும்டா."

"அப்புறம் என்ன சித்தப்பா இது?"

சித்தப்பா கிழிந்த பையின் துணியை உள்ளே திணித்துக்கொண்டிருந்தார். "வீட்டுல எடை குறையணும். இங்க எடை இருக்கணும். ஒரே உடம்பை வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது?"

அண்ணன் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல எதையோ செய்தான்.

கடைக்காரம்மா ஒரு தலையணையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலே வந்தார். வெடித்த பலகையைத் தலையணையால் குத்திப் பார்த்தார். அது அசையவில்லை.

"இன்னும் நிக்குதே!"

"நிக்கும்மா. ரெண்டு கண்ணாடி. ஒண்ணுதான் போயிருக்கு. இந்தப் பலகையை நாங்க மாத்தித் தந்துடறோம். எங்க தப்பு."

"அப்ப சரி. புதுசு போட்டதும் ஐயாவையே கூட்டிட்டு வாங்க. அவருதான் சாயணும். பாக்கெட்டை மட்டும் பார்த்துக் கூட்டிட்டு வாங்க."

சித்தப்பாவுக்கு இதைக் கேட்டதும் முகம் தெளியும் என்று நினைத்தோம். தெளியவில்லை. வீட்டுக்கு வந்ததும் வேலைக்குப் போடும் சட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். "பாவம்னு கூப்பிடறாங்கடா. டீக்கடைக்காரரைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். சித்தியிடம் எல்லாவற்றையும் சொல்லும்படி ஆயிற்று. அவள் கேட்டுவிட்டு அவருடைய பேன்ட்டை எடுத்துப் பையை வெளியே இழுத்துப் பார்த்தாள்.

"அப்ப அந்த எண்ணெய்க் கறை?"

"போல்ட்டுல தடவின எண்ணெய்."

"தின்னேன்னு சொன்னீங்களே!"

"போல்ட்டைத் தூக்கிட்டுப் போறேன்னு சொன்னா விடுவியா?"

சித்தி எழுந்து உள்ளே போனாள். அன்றைக்கு அவர் தட்டில் பழைய பாதி திரும்ப வந்தது. அதற்குமேல் வரவில்லை.

புதுப் பலகை நிறுத்தின அன்று, வரமாட்டேன் என்றவரைச் சித்திதான் கிளப்பிக் கூட்டிவந்தாள். வாசலிலேயே, கடை ஆட்கள் முன்னால், அவர் பைகளில் கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல, போங்க" என்று அனுப்பிவிட்டுத் தானும் பின்னாலேயே ஏறினாள். இத்தனை வருஷத்தில் சித்தி எங்கள் வேலை நடக்கிற இடத்துக்கு வந்ததே இல்லை. கண்ணுக்குத் தெரியாத பொருளை நம்பி வாழ்கிறார்கள் என்று எங்களைப் பற்றி அவளுக்கு ஒரு இளப்பம் உண்டு.

சித்தப்பா பலகைக்கு முன்னால் போய் நின்றார். செய்தித்தாளை விரித்தார். முதுகைக் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோனார். கொண்டுபோய், தொடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டார். ஒரு தாள் நுழைகிற இடைவெளி. நான் பக்கவாட்டில் நின்றதால் எனக்குத் தெரிந்தது. கீழேயிருந்து பார்த்தவர்களுக்கும் ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கவேண்டும். கடைக்காரம்மா படியில் ஒரு கால் வைத்தபடி நின்றுவிட்டார்.

சித்தப்பாவின் கழுத்து விறைத்திருந்தது. செய்தித்தாள் தலைகீழாக இருந்தது. உடம்பு இளைத்தது பெரிய விஷயமில்லை. அவருக்குச் சாயவே மறந்துபோயிருந்தது. அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். இந்த இடத்தில் யார் என்ன சொன்னாலும் கெட்டுவிடும்.

சித்தி சொன்னாள்.

"என்னங்க அது, விறைச்சுப்போய் நிக்கறீங்க? போட்டோவா எடுக்கறாங்க?"

"நீ சும்மா இரு."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? பையில ஓட்டை போட்டீங்க. என் தையலை அறுத்தீங்க. திங்காததைத் தின்னேன்னு சொல்லி என்னையும் பாவி ஆக்கினீங்க. பாதியைப் பாதியாக்கி மனுஷனைக் காயப்போட்டேனேன்னு நான் எத்தனை நாளா..." பேசிக்கொண்டே போனவளுக்குப் படியேறி வந்த மூச்சு வாங்கியது. இடுப்பில் கையை வைத்து, அப்படியே பக்கத்தில் சாய்ந்துகொண்டாள். "தெரியுமா? உங்களுக்குப் போடாத பாதியை வீணாக்க மனசு வராம நான் தின்னு நான் இப்படி ஆகிட்டேன்!"

ஆகத்தான் ஆகியிருந்தாள். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. எல்லோர் கண்ணும் சித்தப்பா குறைவதிலேயே இருந்ததால், அவரிடமிருந்து போனது எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. சித்தி இப்போது கண்ணாடியின் மேல் முழு முதுகையும் கொடுத்து, ஒரு தோளையும் கொடுத்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணாடி சும்மா நின்றது.

"நானா திங்கச் சொன்னேன்?" என்றார் சித்தப்பா. கோபத்தில் செய்தித்தாளை மடித்து அக்குளில் சொருகிக்கொண்டார். "மிச்சமானா எனக்குப் போட்டிருக்கலாம்ல?"

"உங்களுக்குப் போட்டா சர்க்கரை."

"உனக்கு?"

"எனக்கு என்ன, நான் யாருக்கு முன்னாடி போய்ச் சாயப்போறேன்!"

சித்தப்பா பதில் தேடி மேலே பார்த்தார். பதில் தேடும்போது அவர் எப்போதும் செய்வதைச் செய்தார். பின்னால் சாய்ந்தார்.

அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தான். பேசாதே என்று அர்த்தம். நான் எப்போது பேசினேன். கீழே கடைக்காரம்மா இரண்டாவது படி, மூன்றாவது படி என்று ஏறி வந்தார். நடந்தது சண்டை. அதைத் தீர்த்துவைக்க வருகிறவர் போலத்தான் வந்தார். "விடுங்கம்மா, விடுங்க. வீட்டுக்கு வீடு இதுதான்" என்று சொல்லிக்கொண்டே சித்தியின் பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடியின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, தன் வீட்டுக்காரர் எதையெல்லாம் மறைத்துத் தின்கிறார் என்று ஆரம்பித்தார்.

அவர்கள் இறங்கிப் போனபின் பார்த்தேன். புதுக் கண்ணாடியில் இரண்டு முதுகுகள் பதிந்திருந்தன. ஒன்று பழைய தீவு. ஓரமெல்லாம் கரைந்து கொஞ்சம் சின்னதாகியிருந்தது. பக்கத்திலேயே புதிதாக இன்னொன்று. வெல்டர் துணியோடு வந்தார். "எடைக்கல் ரெண்டாயிடுச்சுண்ணே" என்றார். வழக்கம்போல மெதுவாகத்தான் சொன்னார். படியில் இறங்கிக்கொண்டிருந்த சித்தப்பா திரும்பாமலேயே, "எத்தனையோ வருஷமா கேட்டுட்டுத்தான்டா இருக்கேன்" என்றார்.

வண்டியில் ஏறும்போது அண்ணன் பணிவாகக் கேட்டான். "சித்தி, வர்ற வாரம் ஒரு பால்கனி இருக்கு. நீங்களும் சித்தப்பாகூட..."

"வாயை உடைப்பேன்" என்றாள் சித்தி.

வண்டி கொஞ்ச தூரம் போனது.

"எத்தனை மணிக்கு?" என்றாள்.

சித்தப்பா செய்தித்தாளை இப்போது நேராகப் பிடித்திருந்தார். "வரட்டும்டா. பக்கத்துல நின்னு பேசிட்டு இருக்கட்டும்" என்றார். "சாயறது நான்தான்."